பிரிண்டருக்குத் தாள் தரமாட்டேன்

போன வருடம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை நேரம். மட்டக்களப்பு டவுனில் ஓர் அரச கந்தோரின், அதாவது அலுவலகத்தின், பயிற்சி மண்டபம். அங்கே நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரிப்பதென்றால் தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

கெம்பஸ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு முகாமைத்துவ உதவியாளர் வேலை, அதுதான் நம் ஊர்ப் பாஷையில் கிளாக் வேலை, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. எழுத்துப் பரீட்சை பாஸ். நேர்முகமும் முடிந்தது. மிச்சம் தமிழ்த் தட்டச்சு மட்டும்தான். பத்து நிமிடத்தில் ஒரு பக்கத்தை அடித்துக் காட்டினால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் ரிசப்ஷனில் நின்றுகொண்டு, ஏசி குளிரவில்லை என்று கத்துகிறவனிடம் பல்லைக் காட்ட வேண்டும். இரண்டு சீசன் காட்டிப் பார்த்துவிட்டேன். போதும்.

அதனால் களுவாஞ்சிக்குடியில் ஒரு தட்டச்சு வகுப்பில் சேர்ந்து வெறி பிடித்த மாதிரிப் பழகினேன். வகுப்பு நடத்திய சேருக்கு ஒரு பழக்கம். நாம் அடிக்கத் தொடங்கியதும் கம்பியூட்டர் திரைக்கு மேல் ஒரு பழைய துவாயைப் போட்டு மூடிவிடுவார். கண் தாளில் இருக்க வேண்டும், விரல் கட்டையில் இருக்க வேண்டும், திரையைப் பார்க்கவே கூடாது. துவாயைத் தூக்கும்போது பக்கம் நிறைந்திருக்க வேண்டும். வகுப்பில் என்னை முந்த ஆளில்லை. இதில் அடக்கம் காட்ட எனக்கு நேரமும் இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். நாங்கள் பழகியது பாமினியில். பாமினி என்றால் ஆளில்லை, ஒரு தமிழ் ஃபொன்ட். இந்தப் பக்கம் பாதிக் கந்தோர்களில் கடிதமெல்லாம் அதில்தான் அடிக்கிறார்கள். அதன் சூட்சுமம் என்னவென்றால், உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. ஃபொன்ட் இருந்தால் அது தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி. ஆள் அதே ஆள்தான்.

மண்டப வாசலில் ஃபோன், பென் டிரைவ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே புத்தம் புதுக் கம்பியூட்டர்கள். பொலித்தீன் கூடச் சரியாகக் கழட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் ஏறாவூர் ராத்தா ஒருவர், கறுப்பு அபாயா. முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பட்டதாரி. விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, "சொல்லிப் போட்டு வந்திரிக்கன் தங்கச்சி, இண்டைக்கு வேலையோடதான் ஊட்ட வருவன் எண்டு" என்றார். நானும் பெரிய ஆள் மாதிரி, "நானும்தான் ராத்தா. ரெண்டு பேரும் ஒரே கந்தோர்ல இரிந்து கதைப்பம்" என்றேன்.

மணி அடித்தது. பாமினியைப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில், பழகிய மாதிரியே குனிந்த தலை நிமிராமல் அடித்தேன். முதல் பந்தி முடிந்ததும், என் வேகத்தை நானே ஒருதரம் ரசிக்கலாமே என்று நிமிர்ந்தேன்.

திரை முழுக்க ஆங்கிலக் குப்பை.

ஃபொன்ட் வரிசையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். பாமினி இல்லை. மண்டபத்தில் ஒரு கம்பியூட்டரிலும் இல்லை. யாருமே போடவில்லை! தட்டச்சுப் பரீட்சைக்குக் கூப்பிட்டவர்கள், கதிரைக்கு நம்பர் ஒட்டியிருக்கிறார்கள், தண்ணீர்ப் போத்தல் அடுக்கியிருக்கிறார்கள், ஃபொன்ட் மட்டும் போடவில்லை.

கையைத் தூக்கினேன். பொறுப்பாக நின்ற அதிகாரி ஆடி அசைந்து வந்தார்.

"சேர், இதில பாமினி இல்ல."

"இருக்கிறதில அடிங்க."

"இருக்கிறது வேற கீபோட் சேர். அதில 'அ' எங்க கிடக்கு எண்டே எங்களுக்குத் தெரியா."

"பட்டதாரிதானே நீங்க? தேடிக் கண்டுபிடிங்க."

இதைக் கேட்டதும் எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். நேரத்தை நிப்பாட்டுங்கள் என்றேன். ஏலாது என்றார். அப்படியென்றால் பிழை உங்களுடையது என்றேன். குரலைக் குறையுங்கள் என்றார். முன் வரிசையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. சிலர் கம்பியூட்டரில் இருந்த வேறு தமிழ் விசைப்பலகைக்கு மாறி, ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். மணிக்கூடு பாட்டுக்கு ஓடியது.

ஆனால் என் பக்கத்தில் மட்டும் சடசடவென்று சத்தம் நிற்கவே இல்லை. ராத்தா குனிந்தபடி அடித்துக்கொண்டே இருந்தார். அவருடைய திரையிலும் குப்பைதான். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"தங்கச்சி, சண்டைய மறுகா புடிக்கலாம். இரிந்து அடிங்க. எழுத்தெல்லாம் உள்ளதான் கிடக்கு. ஃபொன்ட்ட எப்ப போட்டாலும் வரும்."

எனக்குத் தெரியாத விஷயமா அது? தெரியும். கோபத்தில் மூளைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். தொப்பென்று உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அடித்தேன். நல்ல வேகத்தில்தான் அடித்தேன். ஆனால் பாதி நேரம் என் வாயால் போய்விட்டிருந்தது. மணி அடிக்கும்போது எனக்குப் பாதிப் பக்கம். ராத்தாவுக்கு முழுப் பக்கம்.

அதிகாரி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ராத்தாவின் திரைக்கு முன்னால் நின்றார்.

"இதென்ன இங்கிலீசா? ஒண்டும் விளங்குதில்ல. பூச்சியம்தான்."

ராத்தாவின் முகம் வெளுத்துப் போனது. வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "சேர், பாமினியப் போட்டுப் பாருங்க, எல்லாம் தமிழ்தான்" என்றேன். வெளியிலிருந்து ஒன்றும் போட அனுமதியில்லையாம். திரையில் இருப்பதை அப்படியே பிரிண்ட் எடுத்துப் புள்ளி போடுவார்களாம். பிரிண்டரைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. தாளில் குப்பையாக விழுந்தால் குப்பைதான். பிறகு எந்த ஃபொன்ட்டாலும் அதை மாற்ற ஏலாது. யோசித்துச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நேரே பிரிண்டரிடம் போனேன். தட்டில் இருந்த தாளையும், பக்கத்தில் பிரிக்காமல் கிடந்த தாள் கட்டையும் சேர்த்துத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"ஃபொன்ட்டப் போடுங்க, தாள் தாறன்."

"என்ன பிள்ள இது, கெம்பஸ் ஸ்ட்ரைக் எண்டு நினைச்சீங்களா? வைங்க அத! பொலிசுக்கு அடிக்கவா?"

"அடிங்க சேர். வந்து அவங்களும் பாக்கட்டும். எனக்கு வந்த பரீட்சைக் கடிதத்தையே நீங்க பாமினியிலதானே அடிச்சிரிக்கீங்க!"

தாள் கட்டு நல்ல பாரம். ஆனாலும் பிடியைத் தளர்த்தவில்லை. சத்தம் கேட்டு மேல்மாடிக் கந்தோரிலிருந்து ஒரு மிஸ் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு சத்தம்? மேல எங்கட மிசின் எல்லாத்திலயும் பாமினி கிடக்குதே சேர். எடுத்துட்டு வரவா?" என்று சர்வசாதாரணமாகக் கேட்டார்.

அதிகாரி யாருக்கோ ஃபோன் எடுத்தார். மூலையில் நின்று மெல்லிய குரலில் கதைத்தார். திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், "சரி, போடுங்க" என்றார்.

முதலில் ராத்தாவின் கம்பியூட்டர். எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஃபொன்ட்டை மாற்றியதும், குப்பை அவ்வளவும் ஒரே நொடியில் தமிழாக எழும்பி நின்றது. பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். ராத்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்தது என்னுடையது. அதுவும் அழகான தமிழ்தான். பாதிப் பக்கம் அழகான தமிழ்.

மறுபடி ஒருதரம் எல்லோருக்கும் பரீட்சை வையுங்கள் என்று கேட்டேன். நானும், வேறு விசைப்பலகைக்கு மாறி நாலு வரி அடித்தவர்களும், அழுத பிள்ளையும் கேட்டோம். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கிடந்து கொதிக்கிறது:

"அடிச்ச ஆக்கள் அடிச்சிரிக்காங்கதானே. அப்ப பிழை கம்பியூட்டர்லயா, உங்களிலயா?"

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கோபம் முழுவதையும் ராத்தாவிடம் கொட்டினேன்.

"நீங்களாவது ஒரு வார்த்த கதைச்சிரிக்கலாம்தானே ராத்தா? ஊமையாட்டம் நிண்டீங்களே!"

"அரசாங்க வேலைக்கு எனக்கு வயசெல்ல முடியப் போகுது தங்கச்சி. இதுதான் கடைசி. வாயத் துறந்து, அந்தாள் என்ட பேரக் குறிச்சி வெச்சிட்டா?" பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தாளத் தூக்கினதாலதான் என்ட எழுத்து வெளிய வந்த. அத நான் மறக்க மாட்டன்."

"மறக்காம இரிந்து நான் என்னத்தச் செய்ற? அவிச்சித் தின்றதா?"

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பஸ் கல்லடிப் பாலத்தின் மேல் போகும்போது வாவியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கதைக்காமல் அடித்தது சரி. நான் அடிக்காமல் கதைத்ததும் சரி. அப்படியிருக்க நான் மட்டும் ஏன் தோற்றேன்? வீடு வரைக்கும் இதே கேள்விதான்.

ராத்தாவுக்கு வேலை கிடைத்தது. நான் முறைப்பாடு எழுதிப் போட்டேன். பதிலே வரவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் அவர் ஃபோன் எடுத்தார். அவருடைய கந்தோரில் அடுத்த தட்டச்சுப் பரீட்சை வருகிறதாம், மறக்காமல் விண்ணப்பம் போடச் சொன்னார். பரீட்சைக்கு வைக்கிற எல்லாக் கம்பியூட்டரிலும் பாமினியைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வரி அடித்தும் பார்த்துவிட்டாராம். யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் செய்தாராம்.

"எவ்வளவு நேரம் புடிச்சிச்சி ராத்தா?" என்று கேட்டேன்.

"என்ன, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஃபோனை வைத்த பிறகு எனக்குத்தான் மறுபடியும் உடம்பெல்லாம் எரிந்தது. நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். பழகிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் சம்பளம் வாங்கும் ஒருவர் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் செய்திருக்க வேண்டிய வேலைக்காக, ஒரு மண்டபம் நிறைந்த பிள்ளைகளின் எதிர்காலம் அன்றைக்கு ஒரு பிரிண்டர் தட்டில் வந்து நின்றதை நினைக்கும்போது வரும் இந்தக் கோபத்தை, ஆற விடக் கூடாது என்றே இன்னும் வைத்திருக்கிறேன்.