போறணையில் சுட்ட பெற்றோல் தாங்கி

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலருக்கு அழவைக்கும் கட்டுரை வேண்டாம் என்று அத்தான் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அப்படி எழுத வராது. அக்காவை நினைத்தால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது, அழுகை பிறகுதான்.

அக்கா குறிஞ்சிப்பிட்டியில் பிறந்தார். நான் இரண்டு வருடம் பிந்தி வந்தேன். அம்மா காய்ச்சலில் போனபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அதன்பின் அப்பா கற்பிட்டியில் பாண் பேக்கரி போட்டார். மாப்பிசைவது முதல் பாண் சுடும் போறணையின் சூடு பார்ப்பது வரை எல்லாம் அக்காவின் கைதான். வாய்க்கதையில் அவரை யாரும் வென்றதில்லை. பொய் மட்டும் அவருக்கு வராது.

அத்தான் அப்போது புத்தளம் உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். உலகப்போர் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. புத்தளத்தில் பாணே கிடைக்காததுபோல, ஞாயிறுதோறும் அத்தனை தூரம் வந்து எங்களிடம் ஒரு இறாத்தல் பாண் வாங்குவார். வண்டி முழுக்கத் துரு. நிறுத்திய இடத்தில் செந்தூள் கொட்டிக் கிடக்கும்.

அவர் பெண் கேட்டு வந்தபோது அப்பா வண்டியைத்தான் பார்த்தார்.

“தம்பி, இந்தச் சோளகம் முடியிற நேரம் இதில ஒரு பொட்டுத் துரு இருக்கக் கூடாது. வண்டியைப் பேணத் தெரியாதவன் என்ட பிள்ளையை என்னண்டு பேணுவான்?”

உப்பை வாரிக்கொண்டு வரும் சோளகக் காற்றுக்குத் தப்பிய இரும்பை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. மாட்டேன் என்பதைத்தான் அப்பா அப்படிச் சொன்னார்.

அத்தான் உச்சமுனை மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. வள்ளத்துக்குச் செய்வதையே வண்டிக்கும் செய்தார். பெற்றோல் தாங்கிக்கும் மட்காட்டுக்கும் சுறா எண்ணெயைத் தாராளமாகத் தடவி, அதன்மேல் பச்சைப் பெயின்ட் பூசினார். மரம் எண்ணெயைக் குடிக்கும், இரும்பு குடிக்குமா? இரண்டு கிழமையாகியும் பெயின்ட் காயவில்லை. ஞாயிறு பூசைக்கு வந்தவரின் வெள்ளைக் காற்சட்டையில் பச்சை, கோயில் வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி ஊர்ப் பூனைகள். அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் மாமூட்டைகளுக்கு நடுவில் போய் இருந்து அழுதார். சோளகம் எழும்ப ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

மறுநாள் பாண் தகரங்களைத் தேய்க்கும்போது அக்காவின் கை நின்றது. எண்ணெய் தடவித் தடவிச் சுட்ட அந்தத் தகரங்களில் கருகிப் பிடித்த கறுப்பு எத்தனை தேய்த்தாலும் போவதில்லை. அந்தக் கறுப்பு உள்ள இடத்தில் துருவும் ஏறுவதில்லை.

“பூசினாப் போதாதடி, சுடவேணும்” என்றார்.

“பெற்றோல் தாங்கியைப் போறணைக்குள்ள வைக்கப் போறியோ? வீடு பறக்கும்!”

“பறந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பறப்பம். நீ வாசலைப் பார்த்து நில்லு.”

அக்கா விளையாட்டுக்காரியல்ல. தாங்கியைக் கழற்றி, கழுவி, பெற்றோல் மணம் துளியும் இல்லாமல் போகும்வரை நாட்கணக்கில் வெயிலில் திறந்து வைக்கச் சொன்னார். அத்தான் லீவு போட்டு வந்து மணலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு இரும்பு வெளுக்கத் தேய்த்தார், கிணற்று நல்ல தண்ணீரில் கழுவினார், எனாமல் பெயின்டை மெல்லியதாகப் பூசினார். பாண் எடுத்தபின் அப்பா மத்தியான நித்திரைக்குப் போவார். தணல் அடங்கிய போறணைக்குள் அக்கா ஒரு சிட்டிகை மாவை எறிவார். அது கருகாமல் மெல்ல மஞ்சளானால்தான் தாங்கியும் மட்காடும் மற்ற இரும்புகளும் ஒவ்வொன்றாக உள்ளே போகும். இப்படி ஒரு கிழமை, பூச்சுக்கு ஒரு சூடு. கடைசிப் பூச்சு வெந்து வந்தபோது அதில் என் பல்லை எண்ணலாம்போல இருந்தது.

சோளகம் வந்து அடித்துப் போனது. அப்பா வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார், பேக்கரிக் கதவுத் திறப்பால் சுரண்டிப் பார்த்தார். ஒரு பொட்டும் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அக்காவால் முடியவில்லை.

“அப்பா, பூசினது அவர். சுட்டது நான். உங்கட போறணையில.”

அப்பா அக்காவையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப பேணத் தெரிஞ்சவள் நீதான். இவனையும் நீயே பேணு.”

பேணினார், கடைசிவரை. ஆறு பிள்ளைகளைப் பெற்றார். சீனி வியாதி கால்களைப் பிடித்தபின்னும் கட்டிலில் இருந்தபடியே அத்தானின் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார். ஒரு விடியற்காலை, செபம் சொல்லிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அந்த இடம் இன்னும் எனக்கு வெறுமையாகத்தான் இருக்கிறது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட சிலாபம் ஆசுபத்திரித் தாதிமாருக்கும், இறுதிப் பூசை ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், தூக்கிச் சென்ற தோள்களுக்கும் எங்கள் நன்றி. இன்னொரு நன்றி பாக்கியிருக்கிறது. கலியாணச் சாப்பாட்டின்போது எங்களிடம் பாண் எடுக்கும் தேத்தண்ணிக்கடை நானா அக்காவையும் என்னையும் ஒதுக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“அந்தக் கிழம முழுக்க ஒங்கட பாண் பெயின்ட் மணந்திச்சி, புள்ள. ஒங்கட அப்பாக்குப் பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப் போச்சி. அவர்ட காதுல போட்டா கலியாணம் கொழம்பிடும் எண்டு, ஊரே பேசாமத் தின்டுட்டு இருந்தம்.”

அந்தப் பாணைத் தின்ற வீட்டாருக்கெல்லாம் அக்காவின் நன்றியை நான் சொல்கிறேன். உங்களில் ஒருவர் வாய் திறந்திருந்தாலும், இன்று இந்தப் பூசையில் அக்காவுக்காகச் செபிக்க இத்தனை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்திருக்கவே மாட்டார்கள்.