பேசும் வீடும் கண்டக்டர் மாமாவும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. எந்த லென்ஸாக இருந்தாலும் மையத்தைக் கண்டுபிடித்துப் புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி சரிதானா என்று இன்னொரு தடவை பார்ப்பாள். அதற்கப்புறம்தான் இயந்திரத்தில் மாட்டுவாள். "கொஞ்சம் வேகமா கையை ஓட்டும்மா" என்று முதலாளி எரிந்து விழுந்தாலும் புள்ளி வைக்காமல் அவள் வெட்டியதே கிடையாது. அதனால் கடையில் அவளுக்குப் பெயரே புள்ளி என்று ஆகிப்போனது.

ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் வெட்டுகிறவளுடைய மாமனாருக்கு எந்த லென்ஸும் பயன்படாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கண் நரம்பு நைந்துபோய், பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்துவிட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால்தான். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிரம்பி வழிகிற பஸ்ஸில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடும் கண்கள் அவருக்கு ஒரு காலத்தில் இருந்தன. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவர் சமையலறையில் தும்மினால் தெருமுனையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் மாலை அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு இருட்டாக இருந்தது. அவள் கணவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு டியூட்டி. விளக்கைப் போட்டால், கூடத்து நாற்காலியில் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"கரண்ட் எதுக்கு வீணா எரியணும்? எனக்கென்ன படிக்கிற வேலையா இருக்கு?"

அவர் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். சுவிட்சைத் தேடிப் போய் ஸ்டூலில் இடித்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்வதைவிட இருட்டில் உட்கார்ந்திருப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மருந்தை எடுத்துத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கே மனதில் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். இவர் சுவிட்சைத் தேடக் கூடாது. வெளிச்சம்தான் இவரைத் தேடி வர வேண்டும்.

வீட்டை அவளே தானியங்கியாக மாற்ற ஆரம்பித்தாள். ஓய்வு நேரத்தில் வீடியோ பார்த்துப் படித்தாள். பேசினால் எரிகிற பல்புகள், பேச்சைக் கேட்கிற ஒரு குட்டி ஸ்பீக்கர், ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற சென்சார் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினாள். கணவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மாமனார் கீழே நின்று, "ரைட்... ரைட்... ஹோல்டான்!" என்று பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற மாதிரி குரல் கொடுப்பார்.

முதல் வாரம் ஒரே கூத்து. மாமனாருக்கு முன்பல் கிடையாது. அவர் "விளக்கைப் போடு" என்றால் ஸ்பீக்கர் அதை வேறு என்னவோ என்று எடுத்துக்கொண்டு மழை வருமா வராதா என்று சொல்லும். "உன்னை யாருடா மழையைக் கேட்டா?" என்று அவர் கத்துவார். அது மன்னிப்புக் கேட்கும். குளியலறையில் ஆள் அசையாமல் நின்றால் யாரும் இல்லை என்று நினைத்து சென்சார் விளக்கை அணைத்துவிடும். கணவன் முகம் முழுக்க நுரையோடு, பாதி சவரத்தில், "யாரு அணைச்சது?" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தான். "ஷேவிங் பண்ணும்போது கையைக் காலை ஆட்டுங்க" என்றாள் இவள். "பிளேடு கையில இருக்குடி!" என்றான் அவன். மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சிரிப்புக்கு நடுவில் ஒரு உண்மையும் அவளுக்குத் தெரிந்தது. மாமனார் பழக்கத்தில் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தப் பல்பு என்ன சொன்னாலும் எழுந்திருக்காது. இன்டர்நெட் போய்விட்டால் மொத்த வீடும் செவிடாகிவிடும். அவள் இதையெல்லாம் எப்படிச் சரி செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வானம் முந்திக்கொண்டது.

விடுமுறை நாள். மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். பிற்பகலில் வானம் கறுத்து, பக்கத்தில் எங்கோ படாரென்று ஒரு இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டிவிக்குள் பட்டென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். டிவி, ஃபிரிட்ஜ், இன்டர்நெட் பெட்டி, ஸ்பீக்கர், ஆசை ஆசையாக வாங்கிய பல்புகள், எல்லாம் ஒரே அடியில் போயின.

பிறகு மாமனார் தொண்டையைச் செருமினார். "டிக்கெட் எடுக்காமலே ஒருத்தன் உள்ள ஏறிட்டான் போல இருக்கே."

அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. கணவனும் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், "போதும்மா. பழையபடி சாதா சுவிட்சே இருக்கட்டும்" என்றான் ஆறுதலாக.

"அவன் எந்த வழியா ஏறினான்னு தெரியணுங்க" என்றாள் அவள். புள்ளி வைக்காமல் விடுகிறவளா அவள்?

மறுநாள் வயரிங்காரரைக் கூட்டிவந்தாள். அதிகம் பேசாத மனிதர். வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டிருப்பார். சோதனை விளக்கின் இரண்டு கம்பிகளையும் பிளக் ஓட்டைகளில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. ஒரு கம்பியை எடுத்து எர்த் ஓட்டைக்கு மாற்றினார், எரியவில்லை. அடுத்த அறையிலும் எரியவில்லை. பாட்டை நிறுத்தினார்.

"உங்க வீட்டுல எர்த் இருக்கும்மா. ஆனா பேருக்குத்தான்."

பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பின்பக்கச் சுவர் வரைக்கும் ஒழுங்காகப் போன வயர், பூச்சுக்கு உள்ளே, எதனோடும் சேராமல் துண்டாக நின்றது. வீடு கட்டியவர்கள் மண்ணுக்குள் குழாய் இறக்காமலேயே மேலே பூசி மறைத்துவிட்டிருந்தார்கள். அதிகப்படி மின்சாரம் போவதற்கு வழியே இல்லாமல் சாமான்களுக்குள் புகுந்திருக்கிறது.

அந்தத் துண்டு வயரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து வயரிங்காரருக்கு ஆச்சரியம். இத்தனை நஷ்டத்துக்கு அப்புறம் சிரிக்கிறாளே என்று நினைத்திருப்பார். அவளுக்கோ, காரணம் தெரியாத நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்ட நிம்மதி.

பின்கட்டில் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியுமாகப் போட்டு மூடினார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் நன்றாக வேலை செய்யும் என்று வயரிங்காரர் சொன்னதை மாமனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் வாளியோடு போய் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது தன் வேலை என்று அறிவித்துவிட்டார். "என்ன செடி வெச்சிருக்கீங்க?" என்று மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டால், "கரண்ட் செடி. இன்னும் பூக்கல" என்பார்.

மெயின் போர்டில், வெளியிலிருந்து எகிறி வருகிற மின்சாரத்தை வாங்கி எர்த்துக்குத் தள்ளிவிடுகிற சர்ஜ் அரெஸ்டர் என்ற சின்னப் பெட்டியை வயரிங்காரர் மாட்டினார். அதன் முகத்தில் பொட்டளவுக்கு ஒரு ஜன்னல். "பச்சையா இருந்தா காவல்ல இருக்குன்னு அர்த்தம். சிவப்பாச்சுன்னா அது உங்களுக்காக அடி வாங்கிடுச்சுன்னு அர்த்தம். உடனே உள்ள இருக்கிறதை மாத்திடணும். நேரா தலையில விழுற இடிக்கு இது போதாதும்மா. கம்பி வழியா வர்றதுக்குத்தான்." இன்டர்நெட் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் அதேபோல ஒன்று. டிவியும் ஃபிரிட்ஜும் பழுது பார்த்துத் திரும்பி வந்தன; ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கொஞ்சம் பொறுத்து, வோல்டேஜ் நிதானத்துக்கு வந்த பிறகுதான் அது ஃபிரிட்ஜை எழுப்பும்.

அதற்கப்புறம் அவள் தன் பங்கை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை பேசுகிற பல்பே வேண்டாம் என்று முடிவு செய்தாள். பல்பு சாதா பல்பு. சுவரில் இருக்கிற அதே சுவிட்சுக்குப் பின்னால், விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கிற ஒரு குட்டி ரிலே. கையால் தட்டினாலும் எரியும். ஆள் நடந்தால் தானாகவும் எரியும். கருவி செத்துப்போனாலும் சுவிட்ச் சாகாது. வீட்டுக்கு மூளையாக, சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரைப் பீரோவுக்கு மேலே வைத்தாள். அது இன்டர்நெட்டைக் கேட்காமலே முடிவெடுக்கும். அதற்கும், நடக்கிற வழியெல்லாம் தாழ்வாக மாட்டிய வழிநடை விளக்குகளுக்கும் ஒரு பேட்டரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டவில்லை. ஒன்றை மாட்டி, அது ஒழுங்காக நடக்கிறதா என்று பல நாள் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொட்டாள்.

மாமனார் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று வைத்தாள். வீடுதான் அவரிடம் பேச வேண்டும். கணவனை உட்கார வைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசவைத்துப் பதிவு செய்தாள். "அப்பா, தொட்டி ரொம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்திட்டேன்." "அப்பா, வாசக் கதவு திறந்திருக்கு." "அப்பா, அடுப்புப் பக்கம் தண்ணி சிந்தியிருக்கு, பார்த்து வாங்க."

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு காலையில் மகன் அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். சுவரில் புதிதாக மாட்டிய ஸ்பீக்கர், "அப்பா, தொட்டி ரொம்பிடுச்சு" என்றது. "சரிடா கண்ணா" என்று அவர் சுவரைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார். "அப்பா, சர்க்கரை இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று நிஜ மகன் கேட்டான். "நீ சும்மா இரு. அவன் பேசிட்டிருக்கான்ல" என்றார். அன்று முழுக்க மகனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. இவளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதே வேலையாகப் போயிற்று.

மழைக்காலம் வந்தது. ஒரு மாலை அவள் கடையில் இருக்கும்போதே வானம் கொட்ட ஆரம்பித்தது. கணவனுக்கு டியூட்டி. மாமனார் வீட்டில் தனியாக. நல்ல இடி ஒன்று விழுந்தது. கடையில் விளக்குகள் சிமிட்டி அடங்கின. வீட்டுக்குப் போன் போட்டாள்; லைன் கிடைக்கவில்லை. குடை இருந்தும் இல்லாத மாதிரி நனைந்துகொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

தெரு முழுக்க இருட்டு. அவள் வீட்டு ஜன்னல்களில் மட்டும் மெல்லிய மஞ்சள் வெளிச்சம். வாசலில் செருப்புக் குவியல். உள்ளேயிருந்து அந்தக் குரல்:

"படிக்கட்டுல நிக்காதீங்க, உள்ள நகருங்க! உள்ள இடம் இருக்கு! நாற்காலியில பெரியவங்க, பாயில சின்னவங்க!"

கதவைத் தள்ளினாள். மாடி வீட்டு அக்கா, அவள் பிள்ளைகள், எதிர்வீட்டுத் தம்பதி, மழைக்கு ஒதுங்கிய யாரோ ஒரு தபால்காரர் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். வழிநடை விளக்குகளின் வெளிச்சத்தில் மாமனார் தட்டில் காபி டம்ளர்களை வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்துகொண்டிருந்தார். ஓடும் பஸ்ஸில் நின்று பழகிய கால்கள்.

"மாமா, பயந்துட்டீங்களா?"

"நானா? 'அப்பா, கரண்ட் போயிடுச்சு, பேட்டரியில ஓடுது, பயப்படாதீங்க'ன்னான் அவன். பயப்பட நான் என்ன உன்ன மாதிரியாடான்னு கேட்டுட்டு, டிவி பிளக்கைத் தடவிப் பார்த்துப் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் காபி போட்டேன். அக்கம்பக்கத்துல இருட்டுல தட்டுத்தடுமாறுறாங்கன்னு சத்தம் கேட்டுது. வெளியில போய், எல்லாரும் இந்த வண்டியில ஏறுங்கன்னு கூப்பிட்டேன்."

"ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டார்" என்றார் தபால்காரர். அவர் இரண்டாவது டம்ளரில் இருந்தார்.

அவள் ஈரப் புடவையோடு அங்கேயே நின்றாள். இருட்டில் தட்டுத்தடுமாறுகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார் இவர்! "எனக்கொரு காபி இருக்கா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ் கொஞ்சம் பொறுத்து உறுமியது. பிளக்கை மாட்டியதும் டிவியும் ஓடியது. ஒரு சாமானுக்கும் சேதமில்லை. மெயின் போர்டைத் திறந்து பார்த்தாள். பொட்டு ஜன்னல் சிவந்திருந்தது. கைதட்டிக் கூப்பிட்டு அதை எல்லோருக்கும் காட்டினாள். "அடி வாங்கிடுச்சு! நமக்காக அடி வாங்கிடுச்சு!" என்று அவள் குதித்ததைப் பார்த்து, இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் எதிர்வீட்டுக்காரர் விழித்தார். மறுநாள் வயரிங்காரர் வந்து உள்ளே இருந்ததை மாற்றினார். வந்தவரை மாடி வீட்டு அக்கா விடவில்லை. தன் வீட்டு எர்த்தையும் பார்க்கச் சொன்னாள். அங்கேயும் பேருக்குத்தான் இருந்தது. எதிர்வீட்டில் ஓரளவுக்கு இருந்தது. அந்த மாதம் முழுக்கத் தெருவில் எங்கு பார்த்தாலும் குழி. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உப்பு எவ்வளவு, கரி எவ்வளவு என்று மாமனார் மேற்பார்வை பார்த்தார். வயரிங்காரர் இப்போதெல்லாம் பாட்டை வாய்விட்டே பாடுகிறார்; மாமனார் விசில் கொடுக்கிறார்.

அவள் இன்னும் அதே கண்ணாடிக் கடையில்தான் வேலை செய்கிறாள். லென்ஸ் வாங்க வருகிறவர்கள் சிலர் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஃபிரிட்ஜுக்கு எந்த ஸ்டெபிலைசர் வாங்கலாம்?" என்று கேட்பது முதலாளிக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆனால் போன வாரம் அவரே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் வீட்டு மோட்டாரைப் பற்றி மெதுவாகக் கேட்டார்.

கணவனுக்கும் அவளுக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தபோது மாமனார் இருவரையும் வாசலுக்குத் தள்ளாத குறைதான். "எத்தனை நாளா ரெண்டு பேரும் சேர்ந்து வெளியில போகாம கிடக்கீங்க? கிளம்புங்க, கிளம்புங்க!" அவர்கள் ஏரிக்கரைக்குப் போனார்கள். படகு எடுத்து, துடுப்புப் போடத் தெரியாமல் ஒரே இடத்தில் வட்டமடித்தார்கள். நடு ஏரியில் அவள் போன் அடித்தது. மாமனார்.

"என்ன மாமா? ஏதாவது ஆயிடுச்சா?"

பின்னால் பல குரல்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரோடு வேலை பார்த்த பழைய டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்திருக்கிறார்களாம்.

"ஒண்ணும் ஆகலம்மா. நீங்க சீக்கிரம் வந்துடப் போறீங்களேன்னுதான் போன் பண்ணேன். மெதுவா வாங்க. நல்லா இருட்டினப்புறம் வந்தா போதும்."

அவள் போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுப் படகில் சாய்ந்து உட்கார்ந்தான். படகு தன் போக்கில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.