தூக்கும்போது வந்த செபம்

போன திருவிழாவுக்கு முன்னால், நம் பங்குக் குடும்பங்கள் கூடுகிற இந்த அன்பியக் கூட்டத்தில் நான் அழுதுகொண்டே சொன்ன சாட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது பொய் இல்லை, ஆனால் தப்பு. நடந்தது என்னவென்று தெரியாமலேயே மைக்கைப் பிடித்துவிட்டேன். அதனால் இன்றைக்கு முதலில் இருந்து சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்கள் அப்பா பழைய துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகளில் சிமெண்டும் வெங்காயமும் ஏறும்போது, மேல்தட்டில் நின்று கிரேன்காரனுக்குக் கைகாட்டிக் குரல் கொடுப்பவர் அவர்தான். வீட்டில் அந்த வேலையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். பெண்பிள்ளைகள் துறைமுகத்துப் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்பார். கோயிலுக்கும் வர மாட்டார். மாதா தேர் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தேர் நிலைக்குத் திரும்புவதற்குள் நழுவிவிடுவார். அம்மா சாகிறவரை அவர் மனம் திரும்பவேண்டும் என்று செபமாலை சொன்னாள். அம்மா போனபிறகு அந்தச் செபமாலை என் கைக்கு வந்தது.

எண்பதைத் தாண்டியதும் அப்பாவுக்கு ஞாபகம் கலைந்தது. என்னை யாரோ என்று நினைத்து அடித்தார், கடித்தார். நானோ புருஷனைப் பறிகொடுத்தவள், இறால் கம்பெனியில் ஷிப்டு வேலை. வேலைக்குப் போகும்போது அவருடைய கையைப் பழைய சேலைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது அவர் ஈரத்தில் கிடப்பார். கழுவிவிடுவேன், அடி வாங்குவேன், பிறகு சோறு ஆக்குவேன்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிதாக வீக்கம் தெரியவில்லை. சுளுக்கு என்று நினைத்து இடுப்பில் எண்ணெய் போட்டு நீவினேன். கத்தினார். எதற்கும் கத்துகிற மனுஷன்தானே என்று இன்னும் அழுத்தி நீவினேன். அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

என் அண்ணனுக்கு மஸ்கட்டில் துறைமுக வேலை. போன் பண்ணினால், "ஏளா, ஏதாவது ஒரு ஹோம்ல கொண்டு விடேன், எதுக்குக் கெடந்து சாவுத" என்பான். யார் பணம் கட்டுவது என்று கேட்டதும் அவனுக்கு சிக்னல் போய்விடும்.

நானும் ஏறி இறங்காத இல்லம் இல்லை. நடக்கிறவரென்றால் எடுப்போம் என்றார்கள். சத்தம் போடாதவரென்றால் எடுப்போம் என்றார்கள். ஒரு இடத்தில், ஆள் நல்ல சுகமாக இருக்கவேண்டும் என்றார்கள். சுகமாக இருந்தால் நான் ஏன் கொண்டுவந்து விடுகிறேன் என்று கேட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது. அவர் செத்தால் நல்லது என்று நினைக்கவில்லை. நான் செத்தால் நல்லது என்று நினைத்தேன்.

மாதா கோயிலில் போய் முழங்கால் போட்டேன். "தாயே, அவரை வைத்துக்கொள்ள ஓர் இடம் கொடு. அதற்குப் பணம் கட்ட ஓர் ஆளையும் கொடு. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு அலையவிடாதே" என்று கேட்டேன். நான் மாதாவிடமும் கறாராகத்தான் பேசுவேன், உங்களுக்குத் தெரியாததா.

நாசரேத் போகிற வழியில் சிஸ்டர்கள் நடத்துகிற ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறோம், அதற்குமேல் கட்டணம் கட்ட வழி இருந்தால் மட்டும் இருக்கட்டும் என்றார் பெரிய சிஸ்டர். வளையலை அடகு வைத்து அந்த ஒரு மாதத்துக்குக் கட்டினேன்.

அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண் கலா, சாத்தான்குளத்துக்காரி. நல்ல பிள்ளை. முதல் வாரமே எனக்கு போன் பண்ணினாள். "அக்கா, தாத்தா மாதாவக் கூப்பிடுதாவ. நாங்க தூக்கும்போதெல்லாம் மரியா, மரியாங்காவ. பல்லு இல்லாததுனால ஆரியான்னு கேக்கு."

ஓடினேன். என் கண்முன்னே கலாவும் இன்னொருத்தியும் அவரைக் கட்டிலில் இருந்து தூக்கினார்கள். அப்பாவின் கண் மேலே செருகியது. "ஆரியா, ஆரியா" என்று குரல் எழுந்தது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அம்மா சொன்ன செபமாலை வீண்போகவில்லை என்று நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சிஸ்டரும் அழுதார்.

அதன்பிறகு காலையிலும் சாயங்காலமும் அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துச் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்க்க யாராவது வந்தால், "எங்க தாத்தா செபிக்கிறதக் கேளுங்க" என்று இன்னொரு தடவை தூக்குவார்கள். தூக்கினால்தான் செபம் வரும். அப்படி வந்துபோன பெங்களூர்த் தம்பதி இருவர், அப்பா கூப்பிடுவதை வீடியோ எடுத்துக்கொண்டார்கள். இந்த விசுவாசமுள்ள பெரியவரை நாங்கள் தத்தெடுத்துக்கொள்கிறோம், அவர் இருக்கிறவரை கட்டணம் எங்கள் பொறுப்பு என்று சொன்னார்கள். நான் கேட்டபடியே இடமும் கிடைத்தது, ஆளும் கிடைத்தது. அன்பியத்தில் வந்து சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள்.

அடுத்த மாதம் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது அண்ணன் வீடியோவில் வந்தான். பார், அப்பா எப்படி மாறிவிட்டார் என்று பெருமையாக போனைத் திருப்பிப் பிடித்தேன். கலாவும் இன்னொருத்தியும் தூக்கினார்கள். அப்பா குரல் கொடுத்தார். அண்ணன் சிரித்தான். இருமல் வருகிறவரை சிரித்தான்.

"மாதாவா? ஏளா கோட்டிக்காரி, அவரு எறக்குங்கலேன்னு கத்துதாரு. ஆரியான்னா தொறமொகத்துல எறக்கு, கீழ விடுன்னு அர்த்தம். கிரேன் ஓட்டுறவனப் பாத்து நான் இங்கன பொழுதுக்கும் அதத்தான் சொல்லுதேன்."

"கலா, கீழ வையி" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். "வையிளா" என்று அதட்டினேன். மெத்தையில் வைத்தார்கள். அப்பாவின் வாய் மூடியது. மறுபடியும் தூக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தூக்கிப் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. அதை நாங்கள்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோமே.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இடுப்பெலும்பு ஒடிஞ்சு மாசக்கணக்காச்சு. இவர உக்காரவா வச்சீங்க?" என்றார். தினமும் இரண்டு தடவை, கோயிலுக்கு என்றேன். ஆபரேஷனை அவர் உடம்பு தாங்காது, அசைக்காமல் படுக்கவையுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெங்களூர்க்காரங்ககிட்ட இதச் சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பணம் நின்றால் அப்பாவுக்குக் கட்டில் இல்லை, அது சிஸ்டருக்கும் தெரியும். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது, வேண்டாம் சிஸ்டர் என்று. ஆனால் அவர்கள் அடுத்த தடவை வந்து செபத்தைக் கேட்கவேண்டும் என்பார்களே. அப்போது யார் அவரைத் தூக்குவது? சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். பெரியவருக்காக வேண்டிக்கொள்கிறோம், ஆனால் எங்கள் உதவி செபிக்கிற ஒருவருக்குப் போய்ச்சேரட்டும் என்றார்கள். பக்கத்து அறையில் ஒரு பாட்டிக்கு அது போனது. அந்தப் பாட்டி செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறவள்.

அவர்கள் பணம் கட்டின மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் மாதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சிற்றாலயத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க சமையல்காரம்மா மக வீட்டுக்குப் போயிட்டாங்க, இனி வரமாட்டாங்க. நீங்க இங்கயே தங்கிச் சமைச்சுக் குடுத்தா, அப்பாவுக்குக் கட்டணம் வேண்டாம்" என்றார். நான் கேட்ட ஆள் நானேதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இறால் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து, படுத்த விரிப்போடு ஒரு சாய்வுக்கு நகர்த்துகிறோம். கலா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், சுளித்தால் நிறுத்தச் சொல்வாள். மத்தியானத்தில் தூங்குகிறார். சோற்றை நான் ஊட்டினால் இன்னும் துப்புகிறார். அண்ணன் இதுவரை ஒரு பைசா அனுப்பவில்லை. அன்றைக்கு அவன் சிரித்தானே, அது போதும் எனக்கு. ஆண்டவர் தன் பதிலை யார் வாயில் வைத்து அனுப்பினார் பாருங்கள்.

அப்பா மனம் திரும்பினாரா என்று போன வாரம்கூட ஒருத்தர் கேட்டார். இல்லை. இனித் திரும்புவார் என்றும் தோன்றவில்லை. அவருக்கு வலி குறைந்தது. அதற்காக நான் தினமும் அடுப்படியில் நின்றே நன்றி சொல்கிறேன்.

வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நிற்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் முகமே சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள், மாதா கைவிடமாட்டாள், நான் சாட்சி. ஆனால் பதில் வந்துவிட்டது என்று நினைத்த உடனே என்னைப் போல மைக்கைப் பிடிக்காதீர்கள். முதலில் அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். எங்கள் அப்பா கீழே விடுங்கள் என்று வாரக்கணக்கில் கெஞ்சினார். இரண்டு பேர் அவரைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நாங்கள் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.