திறந்து வைத்த சிவப்பு வைன்

விவாத மேடையில் எவரையும் மடக்கிவிடலாம் என்ற செருக்கு எனக்கு உண்டு. கடந்த டிசம்பரில், நத்தார்ப் பண்டிகையன்று கொட்டாஞ்சேனையில் நண்பனின் தாய் அன்போடு ஊற்றித் தந்த இனிப்பு வைனை அவர் முன்னாலேயே பழித்தேன். "இது பிராந்தி கலந்த சர்பத், அன்ரி. தரமானது இதுதான்" என்று, நான் கொண்டுபோன சிவப்பு வைனைத் திறந்தேன்.

என் சொல்லை நம்பிய அன்ரி, மிச்சத்தைப் பத்திரப்படுத்தி, இரண்டு வாரம் கழித்து மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்தார். நானும் அங்கிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் ஒரு மிடறிலேயே புளிப்புத் தாங்காமல் முகம் சுளித்தார்.

"வினாகிரி வீட்டிலயே செய்யிறீங்களோ?"

வந்தவர்கள் சிரித்தார்கள். அன்ரி தலைகுனிந்தார். "தெரியாம வச்சிட்டன்" என்றார்; என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. உபசரித்தவரை எள்ளி நகையாடுவது எந்த ஊர் நாகரிகம்? கேட்டுவிட எழுந்தேன். நண்பன் கையைப் பிடித்து இழுத்தான்.

"இரு மச்சான். திறந்த சிவப்பு வைன் நாலு நாளில புளிச்சிடும். பிராந்தி சேர்ந்தபடியாத்தான் அம்மாட போத்தல் கனநாள் கெடாம இருக்கிறது."

அமர்ந்துவிட்டேன். அந்தப் போத்தல் என்னுடையது என்ற ஒரு வாக்கியத்தை அன்று நான் சொல்லவில்லை. இன்றும் கோபம் ஆறவில்லை. அந்த மேசையில் அன்ரியை முதலில் இகழ்ந்தவன் நானல்லவா?