தோணிரேவு அண்ணனின் இரண்டு பதிவுகள்

திரையில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதரின் ஒருநாள் நெஞ்சுத் துடிப்பு முழுவதும் அதில் இருந்தது. பொன்னேரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோட்டைப் பார்த்தால் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு மயக்கம் வந்துவிடும். அனுப்பம்பட்டில் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண் நான். ஓடும் தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பழக்கம். நல்ல நெஞ்சு ஒரே சீராக அடிக்காது. மூச்சுக்கும் நடைக்கும் கனவுக்கும் தக்கபடி சற்றே முந்தும், சற்றே பிந்தும். நாள்பட்டுக் களைத்த நெஞ்சுதான் பெரும்பாலும் ஒரே அளவில் அடிக்கும். அதையும் வைத்துத்தான் ஒருவர் எவ்வளவு தாக்குப்பிடிப்பார் என்று டாக்டர்கள் ஓரளவு ஊகிக்கிறார்கள். அன்று கோடு அழகாக முந்திப் பிந்தி ஓடியது. அது தோணிரேவு அண்ணனின் நெஞ்சு என்று நினைத்துச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோணிரேவு ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வரும் அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; ஏரியில் மீன் பிடிப்பவர். இரண்டு வருஷமாக இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். இனி மார்பளவுத் தண்ணீரில் இறங்கி வலை கட்டலாமா என்பதை அந்தப் பதிவைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வதாக இருந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி, நனையக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். டாக்டர் பார்ப்பதற்குள், "பயமே இல்லண்ணே, நல்லாருக்கு" என்று அவர் மனைவி முன்னாலேயே சொல்லிவிட்டேன். அண்ணி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் அண்ணனின் பழைய ஈ.சி.ஜி.யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் ஒவ்வொரு துடிப்பும் அகன்றிருந்தது. புதியதில் எல்லாம் ஒடுங்கியிருந்தது. "இது வேற ஆளோடதும்மா" என்றார்.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அன்னிக்கு நம்ம பாடும்மா. தம்பிக்கு மாட்டி வுட்டுட்டேன்" என்றார். ஏரியில் நல்ல இடங்களில் வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை உண்டு, அதுதான் பாடு. முறைக்காரருக்கு முடியாவிட்டால் கூடப்பிறந்தவர் நின்றுகொள்ளலாம், ஊர் ஒன்றும் சொல்லாது. ஆஸ்பத்திரி முறைக்கும் அதேபோல் தம்பியை நிறுத்திவிட்டார். வலைக்குத் தம்பியை அனுப்பியிருக்கலாமே என்றேன். "ஏரிய அவனுக்குக் குடுத்துட்டு நான் பொட்டியக் கட்டிக்கினு ஒக்காரவா? ஒரு வயித்துல பொறந்தவங்கதானே, இன்னா பெரிய வித்தியாசம்?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுபடி கட்டினோம். இந்தத் தடவை கோடு ஒரே அளவில் ஓடியது; நடுநடுவே தாறுமாறான துடிப்புகள். இப்படி இருப்பவர்களுக்கு நாள் கம்மி, ஆனால் இவருக்கு எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது, தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அண்ணிக்குச் சொல்லாதம்மா. நீ நல்லாருக்குன்னு சொன்னதுலேர்ந்து அது நிம்மதியாத் தூங்குது. மிஷின் கோளாறு, அதான் மறுபடி எடுத்தாங்கன்னு சொல்லிக்கிறேன்." நான் ஒத்துக்கொண்டேன். அது தப்பு என்று அப்போதே தெரியும். அதன்பிறகு தன் பாடு வரும் நாளில் தம்பியை அனுப்பிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பாராம். அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

போன வாரம் தோணிரேவுக்குப் போனேன். அண்ணி இறால் உரித்துக்கொண்டிருந்தார். மனதில் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். முதல் பதிவு அண்ணனுடையது இல்லை, நான் பொய்யை மெய்யென்று நம்ப விட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "அவரு கையி நடுங்கிச்சும்மா. கொழுந்தன் நெஞ்சுல அந்த ஒயர ஒட்டுனதே நான்தான்" என்றார்.

அடுத்த இறாலை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு தூங்கமாட்டாரு. அதான் தூங்குற மாதிரி படுத்துக்கினு, அவரு மூச்ச எண்ணிக்கினு இருப்பேன்."