ஏலக்காரர் பெண்டாட்டி

மங்கையர்க்கரசிக்கு வாய் நீளம். அதை அவளே மறுக்க மாட்டாள். காரைக்கால்மேட்டில் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு இட்லி விற்கிறவள் வாயை மூடிக்கொண்டு விற்க முடியுமா என்ன? சட்னி போதவில்லை என்று முனகுகிறவனுக்கு ஒரு பேச்சு, இட்லி சிறுத்துப் போச்சு என்பவனுக்கு ஒரு பேச்சு என்று தினமும் காலையில் அவளுக்கு வேண்டியதைப் பேசித் தீர்த்துவிடுவாள்.

கட்டிக்கொண்ட புருஷனோ வீட்டுக்குள் வாயே திறக்காதவர். இதில் வேடிக்கை, செம்பியனுக்குப் பிழைப்பே வாய்தான். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் அவர். ஃபைபர் போட்டுகள் கரையேறியதும் தொடங்கி ஒன்பது மணிவரை கத்திவிட்டு வீடு திரும்பினால், தொண்டையில் மிச்சம் இருப்பது ஒரு 'உம்' மட்டும். சோறு போடவா? உம். குழம்பு காரமா? உம். வீடு பத்தி எரியுது, வெளியே வாங்க என்றாலும் உம் கொட்டுவார் என்று மங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பெல்லாம் வெளியில்தான். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு ஏக்கம். இந்த மனுஷன் ஒரு நாளாவது, தான் சொல்லாமலே, தன் முகத்தைப் பார்த்து, 'என்ன மங்கை, ஒரு மாதிரியா இருக்க?' என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? அவளும் தன்னால் ஆன சாடை எல்லாம் காட்டிப் பார்த்துவிட்டாள். கோபம் என்றால் தம்ளரை ணங்கென்று வைப்பாள். வருத்தம் என்றால் குழம்பை ஊற்றாமல் கிண்ணத்தோடு நகர்த்திவிடுவாள். மனசு நிறைந்திருந்தால் தலைகொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, தட்டைப் பார்த்தே கைகழுவிவிட்டு எழுந்துவிடுவார்.

சரி, ஆண்பிள்ளைகளில் சில ஜன்மம் இப்படித்தான் என்று அவளும் விட்டிருந்தாள். புதுச்சேரியில் நர்சிங் படிக்கும் மகள் ஒரு நாள் காலையில் ஃபீஸ் விஷயமாக அப்பாவிடம் அவசரமாகப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, அவர் போனை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். மங்கை அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். இட்லி வியாபாரமும் ஏலமும் ஒரே நேரம் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து புருஷன் ஏலம் கூறுவதை அவள் நின்று பார்த்ததே இல்லை.

அன்றைக்குப் பார்த்தாள். மணலில் தார்ப்பாய் விரித்து மீனைக் கூறு கூறாகக் கொட்டியிருந்தது. சுற்றி முப்பது பேர். செம்பியன் ஒருவர் குரல்தான் கேட்டது. மற்றவர்கள் வாயில் கொழுக்கட்டை. ஆனால் விலை ஏறிக்கொண்டே போனது. எப்படி என்று உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது. டவுனில் ஓட்டல்களுக்கு மீன் போடும் அஜ்மீர் விரல் மோதிரத்தைத் திருகினார், விலை ஏறியது. ஐஸ் பெட்டி வைத்த மினி லாரியோடு வெளியூரிலிருந்து வரும் ரஞ்சித்குமார் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தட்டினான், இன்னும் ஏறியது. யார் விலை கேட்கிறார் என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்தால் போட்டிக்கு ஏற்றிவிடுவான் அல்லவா? அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை. அது கேட்கிறவருக்கும் ஏலக்காரருக்கும் மட்டும் தெரியும். செம்பியன் வயிற்றுக்குள் இப்படி முப்பது சைகை இருந்தது. அதை வெளியே விடாதவன்தான் ஏலக்காரன். விட்டால் ஊர்த்தலைவர் நாட்டாரின் பஞ்சாயத்து அன்றைக்கே வேலையைப் பிடுங்கிவிடும்.

மங்கை வாயைப் பிளந்து நின்றாள். வீட்டில் தம்ளர் சத்தம்கூடக் கேட்காத மனுஷன், இங்கே மோதிரம் திரும்புவதைப் பார்க்கிறாரே! பெருமையாகக்கூட இருந்தது. வஞ்சிரம் கூறுக்கு வரும்வரை இருந்தது.

வஞ்சிரத்துக்கு ஏலம் தொடங்கியதும் செம்பியன் ஒரு பெண்ணைப் பார்த்தார். சுகிர்தா. தெருத்தெருவாக மீன் விற்கிறவள், புருஷன் மஸ்கட் போய் ஐந்து வருஷமாகத் திரும்பாதவள். இரண்டு இடுப்பிலும் கூடையோடு நின்றவள் அவரைப் பார்த்தாள். அவர் விலையைக் கூவிக்கொண்டே அவள் கண்ணைப் பார்த்தார். அவள் இமைக்காமல் அவர் கண்ணைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முழுசாக. அத்தனை பேர் நடுவில். பிறகு அவர் "சுகிர்தா!" என்று முடித்தார். அவள் லேசாகச் சிரித்தாள்.

மங்கை விடுவிடுவென்று கூட்டத்துக்குள் நுழைந்தாள். போனை அவர் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாள். அவள் பேசாமல் திரும்பியதையும் அந்த மனுஷன் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இமைக்காமல் அவரையே பார்த்தாள். அந்தச் சுகிர்தாவுக்கு மட்டும்தான் கண் இருக்கிறதா? பார்த்தாள், பார்த்தாள், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. செம்பியன் ஒருவழியாக நிமிர்ந்தார்.

"கண்ணுல தூசி விழுந்துட்டா? மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கியாரவா?"

"ஆமா, தூசிதான். பெரிய தூசி. கடற்கரையிலேர்ந்து பறந்து வந்து விழுந்துட்டு" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

பத்து நாள் அவளுக்குத் தூக்கம் இல்லை. சுகிர்தா மல்லிகைப்பூ வைத்தால் ஏன் வைத்தாள் என்று கேள்வி. வைக்காவிட்டால் ஏன் வைக்கவில்லை என்று கேள்வி. "அண்ணே" என்றுதான் அவரைக் கூப்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அண்ணனாம் அண்ணன்! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். மங்கைக்கு அந்தக் கடலே மஞ்சளாகத்தான் தெரிந்தது. பதினோராம் நாள் வெடித்துவிட்டாள்.

"அவள அப்படிப் பாக்குறீங்களே, என்னைய எப்பவாவது அப்படிப் பாத்திருக்கீங்களா?"

செம்பியன் முதலில் விழித்தார். புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப் பைத்தியம்! அது அவ சைகைடி. ரெண்டு கையிலயும் கூடை வச்சிருக்கா, அவ எதத் திருகுவா? என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா ஏலத்துல இருக்கான்னு அர்த்தம். பார்வைய எடுத்துட்டா விட்டுட்டான்னு அர்த்தம். அதுக்குத்தான் நானும் பாத்தாவணும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இத நான் இதுவரைக்கும் ஒரு உசுருகிட்ட சொன்னதில்ல. உன் மனசு கஷ்டப்படுதேன்னுதான் சொல்றேன். உன்னோட போவட்டும்."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் மங்கை. அப்போது அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

பொறாமை ஒன்றும் தலைவலி இல்லை, காரணம் தெரிந்ததும் விட்டுப்போக. நாலு நாள் அடங்கிக் கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் சுகிர்தா கடற்கரையிலிருந்து நேராக இட்லி வாங்க வந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாள்.

"அக்கா, அண்ணனுக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல போல. கண்ணு உள்ள போயிருக்கு. ஒரு கசாயம் வச்சுக் குடுங்க."

 விடியற்காலையில் கருப்பட்டிக் காப்பி ஆற்றிக் கொடுத்து அனுப்பியவள் மங்கை. இவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது! என் புருஷன் கண் உள்ளே போனதை ஊரான் வீட்டுப் பொம்பளை வந்து எனக்குச் சொல்கிறாள்!

அந்தச் சூட்டோடு சூடாகத்தானா ரஞ்சித்குமார் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும்? நாலு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டே புலம்பினான். "அந்தச் சுகிர்தாக்கா எப்படித்தான் நல்ல மீனா தட்டிட்டுப் போவுதோ தெரியலக்கா. அது கேக்குதா இல்லையான்னே புரியல."

"கண்ணப் பாருங்க தம்பி" என்றாள் மங்கை.

"என்னது?"

"ஏலக்காரர வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும். பாக்குற வரைக்கும் கேக்குதுன்னு அர்த்தம். அவரு மூஞ்சியவிட்டுக் கண்ண எடுத்துதுன்னா விட்டுட்டுன்னு அர்த்தம். போதுமா?"

ரஞ்சித்குமார் இட்லியை மெல்லாமல் அவளைப் பார்த்தான். சொன்ன அடுத்த நொடியே மங்கைக்கு வாயில் அறைந்துகொள்ளத் தோன்றியது. ஆனால் சொல்லும்போது இருந்த சுகத்தையும் மறைக்கக் கூடாது. ஆறாத புண்ணை நகத்தால் சொறிந்தது போல அப்படி ஒரு சுகம்.

மூன்றே நாள். சுகிர்தாவைப் போட்டியிலிருந்தே விரட்ட, ரஞ்சித்குமார் அவள் முகத்துக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும் வரை பேனாவைத் தட்டித் தட்டி விலையை ஏற்றினான். அவள் இமை தயங்கி, இனி கண்ணை எடுத்துவிடுவாள் என்கிற இடத்துக்கு வந்ததும் தட்டுவதை நிறுத்தினான். மீன் அவள் தலையில் விழுந்தது. முதல் நாள் பாரை, மறுநாள் கொடுவா, மூன்றாம் நாள் வஞ்சிரம். கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்த மீனைத் தெருவில் யார் வாங்குவார்? சாயங்காலம் வரை சுமந்து, நாறத் தொடங்கியதைக் கருவாட்டுக்குத் தள்ளிவிட்டு வந்தாள்.

நாலாம் நாள் சுகிர்தா ஏலத்துக்குப் போகவில்லை. நேராக நாட்டாரிடம் போனாள். அன்று மாலையே மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் ஓரமாக நின்றார்கள். மங்கையும் நின்றாள். 

"என் பார்வை எதுவரைக்கும் போவும்னு அந்த மினி லாரிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் சுகிர்தா. அவள் அழவில்லை. "அது எனக்கும் அண்ணனுக்கும் மட்டுந்தான் தெரியும். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. யாரு சொன்னான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நாட்டார் செம்பியனைப் பார்த்தார். "யாருகிட்டப்பா சொன்ன?"

செம்பியன் எழுந்தார். பெண்கள் நின்ற பக்கம் மெதுவாகத் திரும்பினார். முப்பது முகங்களில் முப்பது சைகைகளைத் தேடிப் பழகிய கண். அது தேடவே இல்லை, நேராக மங்கையின் முகத்தில் வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக அவர் அவள் முகத்தைப் படித்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. அவளுக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"என் வாயிலேர்ந்துதான் போச்சு" என்றார் நாட்டாரிடம். "வேற யாரையும் கேக்க வேணாம். தப்பு என்னோடது."

நான்தான் சொன்னேன் என்று ஒரு அடி முன்னால் வைக்க மங்கை நினைத்தாள். அத்தனை நீள வாய், அந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டது. அடுத்த நாளிலிருந்து ஏலத்தை வேறு ஆள் கூறட்டும் என்று தீர்ப்பானது. சுகிர்தா அவர் பக்கம் பார்க்காமலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மங்கை அவர் காலில் விழுந்தாள். "நான்தான் சொல்லிப்புட்டேன். அடிங்க. திட்டுங்க. வெளிய போடின்னு சொல்லுங்க. உம்முன்னு மட்டும் இருக்காதீங்க!"

"எந்திரி" என்றார் செம்பியன். அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு பேசினார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை.

"விடிஞ்சா முப்பது மூஞ்சி. இவன் என்ன நெனக்கிறான், அவ எதுவரைக்கும் வருவா, எவன் யாரைக் கவுக்கப் பாக்குறான்னு ஒவ்வொண்ணா படிக்கணும். கண்ணு செத்துப் போவும் மங்கை. வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சி. இத மட்டும் படிக்க வேண்டியதில்ல, இங்க எனக்கு எதிரா எதுவும் இல்லன்னு ஒரு நிம்மதி. அதான் பாக்காம கெடந்தேன். நீ அதப் போயி, பாக்கலன்னு நெனச்சுட்டியே."

மங்கை வாய் பொத்தி அழுதாள். அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

அடுத்த நாள் காலையில் கடற்கரையிலிருந்து வேறு யாரோ ஏலம் கூறும் குரல் காற்றில் வந்தது. செம்பியன் பந்தலில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மங்கை அவர் முன்னால் தட்டை வைத்தாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சாம்பார் வாளியை எடுக்கப் போனாள், பார்த்தார். வந்தவனிடம் அவள் இரண்டு வார்த்தை பேசினாள், அப்போதும் பார்த்தார். கோபமாக இல்லை. ஏலத்தில் எந்தப் பக்கம் சாய்வான் என்று தெரியாத ஆளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"இட்லி ஆறுதுங்க" என்றாள் மங்கை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"உம்" என்றார் அவர். கண்ணை எடுக்கவில்லை.