டூலு சேர்க்க மறந்தேன்

இந்த நாட்டு கொமுட்டர் ரயிலில் முன்னுரிமை இருக்கையில் உட்கார வேண்டுமென்றால், பார்த்தவுடனே முடியாதவர் என்று தெரிய வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கன்னம் உப்பி, பொட்டு வைத்து, பாலர் பள்ளி ஆசிரியைக்குரிய கஞ்சி போட்ட சேலையில் கிள்ளானில் ஏறி உட்கார்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு வேலைக்குப் போகும் முதல் நாள். எதிரே நின்ற மலாய்க்கார அம்மா, “சாக்கிட் ஆப்பா?” என்றார். என்ன நோய் என்று அக்கறையாகத்தான் கேட்டார். எத்தனை வருஷமானாலும் என்னுடையது கடைத்தெருவில் பேசும் அரைகுறைப் பாசார் மலாய்தான். ரத்தத்தில் கிருமி இருந்தது என்று சொல்வதாக நினைத்து, “அடா கூமான் டாலாம் டாரா” என்றேன். அவர் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்து இருக்கைப் பெண் எழுந்தே போய்விட்டாள்.

அருகில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அக்கா, முன்னாடி ‘டூலு’ போடணும்லா. இல்லன்னா இப்பவும் இருக்குன்னு ஆயிரும்” என்றாள்.

மலாயில் வினைக்குக் காலம் கிடையாது. டூலு, அதாவது முன்பு, என்று ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் முடிந்தது முடிந்ததாகும். எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் முறைத்தாலும் எழுந்திருப்பதில்லை என்று பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இறங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் நோய் நீர்க்கடுப்பில் தொடங்கியது. நிறையத் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று இருந்துவிட்டேன். கிள்ளான் வெக்கையில் போர்வைக்குள் பல் கிட்ட நடுங்கி, என் கணவர் சேகரைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டேனாம். மனிதர் அப்படியே என்னை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே டாக்டர், “ரத்தத்துல கிருமி பரவிடுச்சி” என்றார். சேகர் அதையே திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணனிடம் போனில் சொன்னார். அண்ணன் எய்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டார். விளக்கிய பிறகும், ஊர் வாய்க்குப் பயந்து, உறவுகளிடம் டைபாய்டு என்றே சொல்லிவைத்தார். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்கு வந்தது செப்சிஸ். செத்துப் பிழைத்தவள் நான். எதற்கு இன்னொரு நோயின் பெயரில் ஒளிந்துகொள்ள வேண்டும்?

வீட்டுக்கு வந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. குளித்து முடித்தாலே மூச்சு வாங்கியது. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த ‘அணில்’ என்ற சொல் ஒரு காலை முழுவதும் நினைவுக்கு வரவில்லை. அழுதேன். அழுதுவிட்டு, ஆத்திசூடியை முதல் வரியிலிருந்து சத்தமாகச் சொல்லிப்பார்த்தேன்.

நான் வேலைக்குத் திரும்பிய அதே வாரம் அண்ணன் தனக்கும் எனக்கும் ஊருக்கு டிக்கெட்டோடு வந்து இறங்கினார். என்னை நிரந்தரமாக அழைத்துப் போகும் திட்டம். ரயிலில் நடந்ததை நான் சிரித்துக்கொண்டே சொன்னதும் அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

“நீ கெளம்பு. நம்ம ஊர்லயே ஒரு ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கேன். மாப்ள வந்து வந்து பாத்துக்கிடட்டும். இங்க ஒனக்குன்னு யாரு இருக்கா?”

சேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நீ எது சொல்றியோ அதான்லா” என்றார். அவருக்கும் பயம். இன்னொரு முறை அப்படி வந்தால் என்ன செய்வது என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் தெரியும். எனக்கும் பயம்தான். ஆனால் இந்த முறை போனால், ஊருக்கு நான் காலமெல்லாம் நோயாளிதான்.

“இங்க நான் இருக்கேண்ணே” என்றேன்.

அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

அவர் கிளம்பிய காலையில் எனக்கும் வேலை இருந்தது. இருவரும் ஒன்றாகத்தான் கேட்டைத் தாண்டினோம். எங்கள் பக்கம் புறப்படுகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. அண்ணன், “வரேம்மா” என்றார். வீட்டுக்காரி நான், போயிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தோளில் பையோடு நின்ற நானும், “வரேண்ணே” என்றேன். அவர் கார் விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் திரும்பியது. நான் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.